முனியப்பன் போட்ட ஓட்டு

லாமினேஷன் மிஷின் சூடாகும்போது ஒரு வாசனை வரும். பிளாஸ்டிக்கும் பசையும் சேர்ந்து லேசாகக் கருகுகிற மாதிரி. போன வாரம் மகளின் சான்றிதழ் ஒன்றை லாமினேட் செய்யக் கடைக்குப் போயிருந்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உள்ளங்கை வியர்த்துவிட்டது. கடைப் பெண் என்னைப் பார்த்து, "என்னாக்கா, ஒடம்பு சரியில்லைங்களா?" என்றாள். "வெயிலும்மா" என்றேன். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

அது பயம். பத்து வருடத்துக்கும் மேலான பழைய பயம், இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. உங்களிடம் சொன்னால் கொஞ்சம் குறையுமோ என்று பார்க்கிறேன். கேட்டுவிட்டு, இதற்கா இவ்வளவு என்று நீங்கள் சிரித்தாலும் சரிதான்.

இருபத்திரண்டு வயதில் நான் தருமபுரிப் பக்கம் இண்டூரில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். பேருக்குத்தான் ஜெராக்ஸ். பட்டா நகல் எடுப்போம், கல்யாணப் பத்திரிகை அடிப்போம், கண்ணீர் அஞ்சலிக்கு வாசகம் எழுதுவோம், பிளக்ஸ் டிசைன் செய்வோம். முதலாளியம்மா மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வருவார். அதுவரை நானும் இரண்டு கம்ப்யூட்டர்களும் அந்த லாமினேஷன் மிஷினும்தான். ஒரு கம்ப்யூட்டரில் யாருடைய பத்திரிகையோ திறந்திருக்கும். இன்னொன்றில் நான் ஓர் ஊரை ஆண்டுகொண்டிருப்பேன்.

இணையத்தில் விளையாடுகிற ஆட்டம் அது. ஆளுக்கு ஓர் ஊர். வயல் போட வேண்டும், தானியம் சேர்க்க வேண்டும், மதில் கட்ட வேண்டும், படை திரட்ட வேண்டும். பக்கத்து ஊர்க்காரன் படையோடு வந்து தானியத்தை அள்ளிக்கொண்டு போவான், நாமும் போய் அள்ளலாம். அதனால் ஐம்பது அறுபது பேர் கூட்டணி சேர்ந்துகொள்வார்கள். ஆட்டத்தில் எத்தனையோ விதிகள் உண்டு, அதில் முதல் விதி ஒருவருக்கு ஒரே ஐடிதான் என்பது. நியாயம்தானே. ஒருத்தி இரண்டு ஊரை வைத்துக்கொண்டு ஒன்றில் விளைவதை இன்னொன்றுக்கு ஊட்டிக்கொண்டிருந்தால், ஒரே ஊரோடு ஒழுங்காக ஆடுகிறவன் என்ன செய்வான்?

எனக்கு இரண்டு ஐடி இருந்தது.

முதல் ஐடிக்குச் செம்பருத்தி என்று பேர் வைத்தேன். பெண் பேரைப் பார்த்ததும் வந்த மெசேஜ்களை இங்கே எழுத முடியாது. பதில் போடாவிட்டால் படையோடு வந்தார்கள். ஒரு வாரத்தில் என் ஊரில் மதில் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. ஆத்திரத்தில் என் செல்போனிலிருந்து இரண்டாவது ஐடி திறந்து, முனியப்பன் என்று பேர் போட்டேன். எங்கள் பக்கத்துக் காவல் தெய்வம், அந்தப் பேருக்கு உள்ள மரியாதை உங்களுக்கே தெரியும். ஒருவனும் வாலாட்டவில்லை. கடையின் பிராட்பேண்டில் செம்பருத்தி, செல்போன் சிம்மில் முனியப்பன். இணைப்பு வேறு வேறு என்பதால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. முதலில் காவலுக்கு என்றுதான் வைத்தேன். பிறகு முனியப்பனின் தானியம் செம்பருத்திக்குப் போனது, செம்பருத்தியின் குதிரைகள் முனியப்பனுக்குப் போயின. கொஞ்ச நாளில் அது திருட்டு என்பதே எனக்கு மறந்துவிட்டது.

எங்கள் கூட்டணிக்குப் பேர் தகடூர்ப் படை. தலைவர் சின்னசாமி அண்ணன், கம்பைநல்லூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தவர். என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். முனியப்பன் மேல் அவருக்கு உயிர். "ஏம் பாப்பா, அந்தத் தம்பி அதிகம் பேசறதே இல்ல, ஆனா வேலையில பாரு" என்று என்னிடமே போனில் புகழ்வார். எனக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும். முனியப்பனோடு பேச வேண்டும் என்று ஒருநாள் அடம் பிடித்தார். ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் வேலை, உள்ளே போனில் பேச விடமாட்டார்கள் என்று ஒரு கதை கட்டினேன். பொய் சொல்வதில் எனக்கு இவ்வளவு கைவளம் இருப்பது அதுவரை எனக்கே தெரியாது.

அவர் மகளுக்குக் காதுகுத்து வந்தது. பிளக்ஸ் ஆர்டர் எங்கள் கடைக்கே வந்தது. எங்கள் ஊர்ப் பிளக்ஸில் குழந்தையின் படம் நடுவில் இருக்கும், சுற்றி மாமன்மார், சிநேகிதர்கள் என்று முப்பது முகம் இருக்கும். படம் கொடுக்காதவர்களுக்குச் சிங்கத்தின் முகத்தை வைத்துவிடுவோம். "முனியப்பன் தம்பி பேரு கண்டிப்பா வரணும் பாப்பா" என்றார் அண்ணன். என் கையாலேயே ஒரு சிங்கத்தை எடுத்து வைத்து, கீழே முனியப்பன், ஓசூர் என்று அடித்தேன். விசேஷத்துக்குப் போனபோது மண்டப வாசலில் ஆள் உயரத்துக்கு மேல் நின்ற அந்தப் பிளக்ஸை நிமிர்ந்து பார்க்கக்கூட எனக்குத் தெம்பில்லை. பந்தியில் என்ன பரிமாறினார்கள் என்று இன்றுவரை ஞாபகமில்லை.

மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று தினமும் கணக்குப் போடுவேன். கூட்டணி என்னைத் துரத்தும். அது போகட்டும். அண்ணன் கோபக்காரர், கடைக்கே வந்து கத்துவார். விஷயம் அப்பா காதுக்குப் போகும். ஆண் பேரில் ஊர் ஆண்களோடு பேசிக்கொண்டிருந்த மகளை அடுத்த நாளே வேலையிலிருந்து நிறுத்துவார், அடுத்த மாதமே மாப்பிள்ளை பார்ப்பார். அந்தக் கடையும் அந்த ஆட்டமும்தான் எனக்கென்று இருந்தவை. அவை போய்விடும் என்று நினைத்தாலே சோறு இறங்காது.

இந்த நேரத்தில்தான் வத்தல்மலைக்காரர்கள் மேல் புகார் வந்தது.

எங்கள் கூட்டணியில் அந்த மலையிலிருந்து மூன்று பேர் இருந்தார்கள். பொன்னி, அவள் வீட்டுக்காரர் மாதேஷ், அவள் அண்ணன் கோவிந்தன். மூவருடைய தானியமும் தினமும் பொன்னியின் ஊருக்கே போய்ச் சேரும். மூவரும் சாயங்காலம் ஒரே நேரத்தில், ஒரே இணைப்பில் உள்ளே வருவார்கள். சேலத்துப் பக்கத்துக் கூட்டணி ஒன்று இதைப் பிடித்துக்கொண்டு, மூன்று ஐடியும் ஒரே ஆள் என்று எழுதிப் போட்டுவிட்டது. ஆட்டத்தை நடத்துகிறவர்கள் சின்னசாமி அண்ணனுக்கு மெசேஜ் அனுப்பினார்கள். விசாரித்து முடிவு சொல்லுங்கள், இல்லையென்றால் உங்கள் கூட்டணியையே ஆட்டத்திலிருந்து எடுத்துவிடுவோம் என்று.

ஆட்டத்துக்குள்ளேயே இருந்த எங்கள் கூட்டணிக் குழுவில் பொன்னி எழுதினாள். "மலையில ஒரே ஒரு பாறையிலதாங்க டவர் கெடைக்கும். எங்கண்ணன் போன்ல மட்டும்தான் நெட்டு இருக்குது. காட்டு வேலை முடிச்சிட்டு அங்க போயி, அதுல இருந்துதான் மூணு பேரும் ஆடறோம். எங்க வூட்ல எல்லாரு வெளைச்சலும் ஒரே களத்துக்குத்தான் வரும். அதே மாதிரி இங்கயும் ஒண்ணா போட்டோம், தப்புன்னு தெரியிலைங்க. நம்பிக்கை இல்லாட்டி வந்து பாருங்க, மூணு பேரும் வந்து நிக்கறோம்."

மலையேறிப் போய்ப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் குழுவில் ஓட்டெடுப்பு என்று அறிவித்தார் அண்ணன். கூட்டணியை நடத்துகிற ஐந்து பேருக்கு மட்டும் ஓட்டு. அண்ணன், பென்னாகரத்தில் மருந்துக் கடை வைத்திருந்த சிவா, பாலக்கோடு தக்காளி மண்டியில் வேலை பார்த்த குமார், அப்புறம் செம்பருத்தி, முனியப்பன்.

அன்று பத்திரிகை அவசரம் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கடையைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். லாமினேஷன் மிஷினை எதற்குப் போட்டேனோ தெரியாது, அது சும்மா சூடாகிக்கொண்டே இருந்தது. மேசையில் கம்ப்யூட்டர், மடியில் போன். வெளியே அனுப்ப வேண்டும் என்றார் அண்ணன். பாவம் இருக்கட்டும் என்றார் சிவா. வெளியே என்றார் குமார். கூடவே சிரிப்புப் படம் போட்டு ஒரு வரி எழுதினார். "செம்பருத்தியும் முனியப்பனும் எப்பவும் ஒரே பக்கம்தான் பேசுவாங்க. என்னா வெவகாரம்னு கண்டுபுடிக்கணும்."

அவர் காதல் விவகாரம் என்று நினைத்துக் கிண்டல் செய்தார். மீதி இருந்த இரண்டு ஓட்டும் என்னுடையவை. இரண்டையும் இருக்கட்டும் என்று போட்டால் பொன்னி தப்பித்துவிடுவாள். ஆனால் இரண்டும் ஒரே பக்கம், அதுவும் குமார் இப்படிச் சொன்ன மறு நிமிடம். யாராவது ஒருவர் இரண்டு ஐடியையும் சேர்த்து வைத்து யோசித்தால்? ஓட்டே போடாமல் முனியப்பனை ஷிப்டுக்கு அனுப்பியிருக்கலாம், இரண்டுக்கு இரண்டு என்று நின்றிருக்கும். அந்த நேரத்தில் அது தோன்றவே இல்லை. பயம் வந்தால் எனக்கு மூளை வேலை செய்யாது.

செம்பருத்தி, இருக்கட்டும் என்று அடித்தாள். அவர்கள் மலைக்காரர்கள், பொய் சொல்ல மாட்டார்கள் என்று இரண்டு வரி உருக்கமாக வேறு எழுதினாள். பத்து நிமிடம் கழித்து முனியப்பன் ஒரே சொல்லை அடித்தான். வெளியே.

மூன்றுக்கு இரண்டு. ஒரே ஆள் மூன்று ஐடி வைத்திருந்ததாகத் தீர்ப்பு, அதுவும் இரண்டு ஐடி வைத்திருந்த ஒருத்தியின் ஓட்டால்.

அதோடு முடியவில்லை. எங்கள் கூட்டணியில் ஒரு வழக்கம் இருந்தது. யாரை வெளியே அனுப்பினாலும், அனுப்பச் சொன்னவர்கள்தான் அவர்கள் ஊர்மீது முதலில் படை எடுக்க வேண்டும். "மொதப் படை முனியப்பன் தம்பியோடது" என்றார் அண்ணன். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். திங்கட்கிழமை காலை அனுப்பினேன். பொன்னி ஒரு வருடமாகக் கட்டிய மதில் கால் மணி நேரத்தில் போய்விட்டது. அந்த வாரமே ஆட்டத்தை நடத்துகிறவர்கள் மூன்று ஐடியையும் அழித்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு ஜீப் பிடித்து வத்தல்மலைக்குப் போனேன். நேரில் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினேன். வளைவுக்கு வளைவு சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அந்தப் பாறையில் மூன்று பேரும் இருந்தார்கள். மூன்று உடம்பு, மூன்று முகம், நடுவில் ஒரு கல்லின் மேல் சாய்த்து வைத்த ஒரு போன். செம்பருத்தி நான்தான் என்றதும் பொன்னி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க ஒருத்தருதான் எங்களுக்காக அத்தன நல்லா எழுதுனீங்க. ஐடியே போச்சுங்க்கா. திறந்தா ஒண்ணுமே வர மாட்டேங்குது."

மாதேஷ் எழுந்து கொடுவாளைக் கையில் எடுத்தார். தெரிந்துவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவர் பக்கத்தில் கிடந்த பலாப்பழத்தை இரண்டாகப் பிளந்து, நல்ல சுளையாகப் பார்த்து என்னிடம் நீட்டினார். அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

பொன்னி கேட்டாள். "மத்தவங்க அடிச்சது போவட்டுங்க்கா. முனியப்பன்னு ஒருத்தரு, அவருக்கு நாங்க என்னா பண்ணோம்? போன மாசம்கூட அவரு கேட்டாருன்னு தானியம் அனுப்புனேன். அவர உங்களுக்குப் பழக்கமா?"

சொல்லியிருக்கலாம். அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. அண்ணன் கத்துவது காதில் கேட்டது, அப்பாவின் முகம் வந்து நின்றது. "இல்லம்மா, பழக்கமில்ல" என்றேன். திரும்பி வருகிற ஜீப்பில் வழி நெடுக வாந்தி எடுத்தேன். மலை வளைவுதான் காரணம் என்று டிரைவரிடம் சொன்னேன்.

அதற்குப் பிறகு இரண்டு ஐடியையும் நான் திறக்கவில்லை. கல்யாணமாகி தருமபுரிக்கு வந்துவிட்டேன். சில வருடம் கழித்து அந்த ஆட்டத்தையே மூடப்போவதாகச் செய்தி வந்தது. கடைசி நாள் காலை, மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, முனியப்பனாக உள்ளே போனேன். பழைய பாஸ்வேர்டு இன்னும் வேலை செய்தது. அழித்த ஐடி என்று தெரிந்தும் பொன்னிக்கு ஒரு மெசேஜ் எழுதினேன். முனியப்பனும் நான்தான், செம்பருத்தியும் நான்தான், உங்களை வெளியே அனுப்பியது நான்தான் என்று. அனுப்பியதும் திரும்பி வந்துவிட்டது, அப்படி ஒருவர் இல்லை என்று. எல்லோருக்கும் நன்றி சொல்லி ஒரு பட்டியல் போட்டிருந்தார்கள். தகடூர்ப் படையில் நான்காவது பேர் முனியப்பன், பக்கத்தில் ஒரு பதக்கம். மலைக்காரர்கள் மூன்று பேரில் ஒருவர் பேரும் இல்லை. மதியத்துக்குள் அந்த இணையப் பக்கமும் போய்விட்டது.

இப்போது வத்தல்மலையில் டவர் வந்துவிட்டதாம், வீட்டுக்குள்ளேயே எடுக்கிறதாம், அந்தப் பாறைக்கு யாரும் போவதில்லையாம். கடை இருந்த இடத்தில் பேக்கரி இருக்கிறது. பொன்னியும் மாதேஷும் கட்டட வேலைக்குப் பெங்களூர் போனதாகக் கேள்வி, எந்தப் பக்கம் என்று கோவிந்தனுக்கே சரியாகத் தெரியவில்லையாம். என்றாவது ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்து, அக்கா என்று என் கையைப் பிடித்துக்கொள்வாளோ என்று பயமாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுவேன். ஆனால் திருப்பிக் கொடுக்க அவளுடைய ஊர் இப்போது எங்கேயும் இல்லை.