கணுக்காலில் கட்டிய கடிகாரம்

முதலில் துடித்தது இடது புஜம். வலி கிடையாது. தோலுக்கடியில் ஏதோ நெளிவதுபோல, நான் சும்மா இருக்கும்போதும் அது தன்பாட்டுக்கு வேலை பார்த்தது. ஐம்பது வயதுக்குப் பிறகு தென்னூரில் ஒரு ஜிம்மில் சேர்ந்திருந்தேன். வாசிப்பதால் உடம்பு தேறாது என்று புரிந்துகொள்ள எனக்கு ஓர் அலமாரி புத்தகங்கள் தேவைப்பட்டன.

பயிற்சியாளர் தொட்டுப் பார்த்து முகம் மலர்ந்தார். “மசில் எழுந்துக்குது சார். விட்றாதீங்க, வெயிட்டை ஏத்துங்க.”

ஏற்றினேன். கண்ணாடி முன் நின்று துடிப்பை ரசித்தேன். கையில் பலம் குறையக் குறைய, உழைப்பு போதவில்லை என்று இன்னும் ஏற்றினேன். சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் போன பிறகே மருத்துவமனைக்குப் போனோம்.

ஈ.எம்.ஜி. (தசையில் மெல்லிய ஊசி செருகி அதன் மின்செயல்பாட்டைப் பார்க்கும் சோதனை) முடிந்ததும் நரம்பியல் மருத்துவர் கேட்டார்: “இந்தத் துடிப்பை யாருமே பாக்கலையா?”

“பாத்தாங்க டாக்டர். பாராட்டினாங்க.”

அவர் சிரிக்கவில்லை. மோட்டார் நியூரான் நோய் (தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பணுக்கள் அழிந்துகொண்டே வருவது) என்றார். நான் ரசித்தது வளர்ந்த தசையை அல்ல, கேட்பாரற்றுப்போன தசையை.

“எக்சர்சைஸ் பண்ணா திரும்ப வந்துடாதா டாக்டர்?” என்றாள் என் மனைவி வசந்தா.

“களைச்சுப் போகாம கொஞ்சம் பண்ணலாங்க. போன பலம் வராது.”

துடிப்பு எல்லோருக்கும் வருவதுதான். பயப்பட வேண்டாம். கூடவே பலமும் குறைந்தால் மட்டும் ஜிம்மில் விளக்கம் கேட்காதீர்கள்.

அடுத்த மழைக்காலத்துக்குள் கால்களும் போயின. ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு மோட்டார் பெடல் கருவி வந்தது. நாற்காலிக்கு முன்னால் வைத்து, பாதங்களைப் பட்டையால் கட்டி, பொத்தானை அழுத்தினால் அதுவே கால்களைச் சுற்றும். மூட்டுகள் இறுகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். என் பங்கு உட்கார்ந்திருப்பது.

பெங்களூரில் மகள் நித்யா கர்ப்பமாக இருந்தாள். பிரசவம் முடியும்வரை அவளுக்குத் தெரியக்கூடாது என்று வசந்தா முடிவுகட்டி, நோய்க்கு ‘நரம்புத் தளர்ச்சி’ என்று செல்லப்பெயர் வைத்தாள். வீடியோ காலில் முகம் மட்டும்தானே தெரியும். ஆனால் நித்யா வாங்கித் தந்த கைக்கடிகாரம், நான் நடக்கும் அடிகளை அவள் போனுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. அடிகள் குறைந்தன, திட்டு வந்தது. “சோம்பேறித்தனம் பண்ணாதீங்கப்பா!”

ஒரு காலையில் வசந்தா கடிகாரத்தைக் கழற்றி என் கணுக்காலில் கட்டி மோட்டாரைப் போட்டாள். “சும்மா இருங்க. அவ நிம்மதியா இருக்கட்டும்.”

கடிகாரம் ஏமாந்தது. அதன் கணக்கில், உட்கார்ந்தபடியே பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஜீயபுரம் வரை போய்வந்தேன்.

சில நாள் கழித்து, பெடல் சுற்றிக்கொண்டிருக்கும்போதே நித்யா கூப்பிட்டாள். போன் எதிரே தாங்கியில் இருந்தது.

“கலக்குறீங்கப்பா! குழந்தை அழுதா நீங்கதான் தோள்ல போட்டுக்கிட்டு நடக்கணும். நான் தூங்கிடுவேன்.”

வசந்தா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினாள். ‘சரிம்மா’ என்று ஒரு சொல் போதும். வரவில்லை.

“வாட்ச் கால்ல இருக்கும்மா. நான் நடக்கல. மோட்டார்தான் சுத்துது.”

“என்ன மோட்டார்? போனை அம்மாகிட்ட குடுங்க.”

“குடுக்க முடியாதும்மா. கை வராது.”

மறுநாளே கணவனோடு காரில் வந்துவிட்டாள். சமையலறையில் அம்மாவைத் திட்டினாள், இருவரும் அழுதார்கள். பிறகு என் அருகில் உட்கார்ந்து, என் கையைத் தூக்கித் தன் வயிற்றின்மேல் வைத்தாள். இந்த நோயில் தொடுவுணர்வு போவதில்லை.

“தெரியுதாப்பா?”

“ம்… உதைக்கிறான்.”

“பொண்ணா இருந்தா?”

“அப்ப உங்கம்மா மாதிரியேதான்.”

நித்யா சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவளாக எடுக்கும்வரை கை அங்கேயே கிடந்தது. இப்போது என் உடம்பு முழுவதும் அப்படித்தான்: வைத்த இடத்தில் இருக்கும், எல்லாம் தெரியும். மூச்சுத் தசைகளும் தளரத் தொடங்கிவிட்டன. பிரசவத் தேதிவரை எண்ணுகிறேன். அதற்கு அப்பால் காலண்டரில் எனக்கு வேலையில்லை.