கப்பலில் எந்த மேஜையில் உட்காருவது?

போன வியாழக்கிழமை மத்தியானம் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு ஹோட்டலுக்குச் சாப்பிடப் போனேன். நல்ல பசி.

வாசலில் நின்ற சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் பார்த்தார். திரும்பவும் என்னைப் பார்த்தார். பின்னால் ஆட்கள் வருகிறார்களா என்று கேட்டார். இல்லை, நான் மட்டும்தான் என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். பிறகு மரியாதையாக அழைத்துப் போய் ஃபேமிலி ரூமில் உட்கார வைத்தார். நான்கு நாற்காலி, ஒரு மின்விசிறி, ஒரு பச்சைத் திரை. திரையை இழுத்து மூடிவிட்டுப் போனார்.

ஃபேமிலி ரூமில் — ஃபேமிலி இல்லாமல் — நான்!

எனக்குக் கோபம் வரவில்லை. தனியாக வந்த பெண்பிள்ளையை ஆண்களுக்கு நடுவில் உட்கார வைக்கக் கூடாதே என்கிற அக்கறைதான் அவருக்கு. ஆனால் திரைக்குள் உட்கார்ந்து ரசம் சாதம் பிசையும்போது, இந்த ஜனவரியில் கப்பலில் சாப்பிட்ட சாப்பாடு ஞாபகம் வந்துவிட்டது. அதைப் பற்றி இந்த வாரப் பகுதியில் நான் எழுதியதே இல்லை. ஏன் என்பது படித்தால் உங்களுக்கே புரியும்.

நான் சேலம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் என்பது வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதும் தெரியும். எங்களுக்கு எல்.டி.சி. என்று ஒரு சலுகை உண்டு. சர்க்கார் செலவில் ஊர் சுற்றிப் பார்க்கலாம். அந்தமானுக்குக் கப்பலில் போவது என்று நானும் என்னோடு வேலை பார்க்கும் பிலோமினாவும் முடிவு செய்தோம். லீவு வாங்கி, டிக்கெட் எடுத்து, எல்லாம் ஆன பிறகு பிலோமினாவின் மகளைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டார்கள். அவள் எப்படி வருவாள்?

நீயும் கேன்சல் பண்ணிவிடு என்றாள். அண்ணன் சொன்னார். சர்ச்சில் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்... தனியாகவா போகிறாய்?

அந்தக் கேள்வியின் மேல் இருந்த எரிச்சலில்தான் கிளம்பினேன் என்று நினைக்கிறேன்.

கப்பல் மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து சாயங்காலம் புறப்படும். ஆனால் காலையிலேயே ஏற்றிவிட்டார்கள். என் கேபினில் நான்கு படுக்கை. மற்ற மூன்றும் ஒரே குடும்பத்துப் பெண்களுக்கு. நான் பெட்டியை வைப்பதற்குள் அவர்கள் எலுமிச்சை சாதத்தைப் பிரித்துவிட்டார்கள். சாப்பிடுகிறீர்களா என்று கேட்கத்தான் செய்தார்கள். மூன்று பேருக்கு அளந்து கட்டிய சாதம். எப்படி வாங்குவது? டைனிங் ஹாலில் சாப்பிடுவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

டைனிங் ஹால் வாசலில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நின்றிருந்தார். முதலில் அவர் ஒரு விஷயம் சொன்னார். இன்றைக்கு எந்த மேஜையில் உட்காருகிறீர்களோ, போர்ட் பிளேர் போகும்வரை அதுதான் உங்கள் இடம். நடுவில் மாற்ற முடியாது.

கேட்டதும் வாசலிலேயே நின்றுவிட்டேன். ஒரு வேளைச் சாப்பாடு என்றால் எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து எழுந்து வந்துவிடலாம். இது கப்பல் கரை சேரும்வரை. யாரோடு சாப்பிடப் போகிறேன் என்பதை நின்ற நிலையில் முடிவு செய்ய வேண்டும்!

ஹாலைப் பார்த்தேன். நடுவில் ஒரு பெரிய மேஜை. ஏதோ பேங்க்காரர்கள். அப்போதே சீட்டுக் கட்டு வந்துவிட்டது. பக்கத்தில் ஒரு புது ஜோடி. அவர்கள் மேஜையில் இடம் இருந்தது. ஆனால் அங்கே போய் உட்கார எனக்கு என்ன பைத்தியமா?

அடுத்த மேஜையிலிருந்து ஒரு அம்மாள் கையை ஆட்டிக் கூப்பிட்டாள். கியூவில் நிற்கும்போதே அறிமுகம் ஆனவள். சரோஜா. புருஷனுக்கு எங்கள் சேலத்திலேயே செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம். மூன்று குழந்தைகள். நல்ல மனசு. ஆனால் நிறையக் கேட்பாள். கியூவிலேயே என் வேலை, ஊர் என்று ஜாதகம் தவிர எல்லாம் விசாரித்துவிட்டாள். பாக்கி இருந்தது ஒரே ஒரு கேள்வி... தனியாகவா? அது சாப்பாட்டு மேஜையில் வரும். வந்தால் கூடவே ஒரு பார்வையும் வரும். அந்தப் பார்வையோடு எத்தனை வேளை சாப்பிட முடியும்?

பேசாமல் கேபினுக்குப் போய்விடலாமா? பிஸ்கட் இருக்கிறது. இல்லை, பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கியே விடலாமா? படியை இன்னும் எடுக்கவில்லை. நிஜமாகவே திரும்பி இரண்டு எட்டு வைத்துவிட்டேன்.

அப்போதுதான் ஜன்னலோரம் அந்தச் சின்ன மேஜையைப் பார்த்தேன். இரண்டே நாற்காலி. ஒன்றில் ஐம்பது, ஐம்பத்தைந்து வயதில் ஒருவர். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. தட்டு வந்தும் சாப்பிடாமல் எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

என்ன தைரியமோ! போய் நின்றேன்.

"இங்கே யாராவது வருகிறார்களா?"

"இல்லீங்க. உக்காருங்க. நானும் தனியாத்தானுங்க வந்திருக்கேன்."

உட்கார்ந்தேன். பேங்க் மேஜையில் ஒரு கணம் சீட்டு நின்றது. சரோஜா ஆட்டிய கையைக் கீழே போட்டாள்.

அவர் பெயர் நாச்சிமுத்து. திருச்செங்கோட்டுப் பக்கம். ஊரில் தோட்டம், கிணறு. மகன் போர்வெல் போடும் ரிக் வண்டியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய் அந்தமானில் தொழில் செய்கிறான். அவனைப் பார்க்கப் போகிறார். இவ்வளவும் நான் கேட்டுத் தெரிந்துகொண்டது. அவர் என்னைக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நான் சிலுவை போட்டு ஜெபம் சொல்லும்வரை கையைத் தட்டில் வைக்காமல் காத்திருந்தார். பிறகு ஒரு வாய் பருப்பு சாதம் சாப்பிட்டுவிட்டுக் கேட்டார்.

"இதுல உப்பு போட்டிருக்காங்களா, இல்ல என் நாக்குக்குத்தான் தெரியலீங்களா?"

உப்பே இல்லை. சொன்னேன். நிம்மதியாகத் தலையாட்டினார். மஞ்சள் பையிலிருந்து கொள்ளுப் பொடி பாட்டிலை எடுத்து, முதலில் என் தட்டில் போட்டார். அப்புறம் அவர் தட்டில். வேறு பேச்சு இல்லை. நான் அன்றைக்கு மூன்று முறை சாதம் வாங்கினேன்.

மறுநாள் கடல் புரட்டி எடுத்துவிட்டது. ஹாலில் பாதி மேஜை காலி. சரோஜாவின் புருஷனும் பிள்ளைகளும் படுத்துவிட்டார்கள். அவள் மட்டும் டெக்கில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்க வீட்டுக்காரருக்குக் கடல் ஒண்ணும் பண்ணலியாக்கா? காலையில கூட நல்லாச் சாப்பிட்டாரே."

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்த பிறகு திருத்தியிருக்க வேண்டும். நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"இல்லை... அவருக்கு ஒன்றும் பண்ணவில்லை."

அவள் சுவாரசியமாக நகர்ந்து உட்கார்ந்தாள். என் கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையைப் பார்த்தாள். அவர் நெற்றித் திருநீற்றை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

"லவ் மேரேஜாக்கா?"

சிரித்துவிட்டேன். அதையும் அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். அவள் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை! குழந்தைகளைப் பற்றிக்கூட. காதல் கல்யாணம், சொந்தக்காரர்கள் ஒதுக்கியிருப்பார்கள், பிள்ளை இல்லை போலிருக்கிறது — எல்லாவற்றையும் அவளே முடித்துக்கொண்டுவிட்டாள். கேபின் பெண்களிடமும் சொல்லிவிட்டாள். யாரும் என்னைத் தனியாகவா வந்தீர்கள் என்று கேட்கவில்லை. டெக்கில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். காப்பி வாங்கினால் அவருக்கு வேண்டாமா என்றார்கள். சின்ன வயதிலிருந்து என் கூடவே வந்துகொண்டிருந்த ஒரு கேள்வி, நடுக்கடலில், என்னை விட்டுப் போயிருந்தது.

சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால்... இருந்தது. அதுதான் வேதனை.

பயமும் இருந்தது. அந்த மனிதர் காதில் விழுந்தால் என்ன நினைப்பார்? ஒவ்வொரு வேளையும் அவர் எதிரில் உட்காரும்போது, சரோஜா எங்கள் மேஜைப் பக்கம் வருகிறாளா என்று பார்த்தேன். அவர் எப்போதும் போல நான் ஜெபம் முடிக்கும்வரை காத்திருந்தார். பொடி போட்டார். சாப்பிட்டார்.

கரை சேர்வதற்கு முன்னால் கடைசிச் சாப்பாடு. சரோஜா நேராக எங்கள் மேஜைக்கு வந்துவிட்டாள். அவரைப் பார்த்தே பேசினாள். ஊருக்குத் திரும்பியதும் செவ்வாய்ப்பேட்டைக்கு, தங்கள் வீட்டுக்கு, ரெண்டு பேருமாக ஒரு நாள் சாப்பிட வர வேண்டும் என்றாள்.

நான் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"ஆகட்டுங்க," என்றார் நாச்சிமுத்து. "வாரோம்."

அவள் போய்விட்டாள். அவர் மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் எப்படியோ வாயைத் திறந்து, தப்பு என்மேல்தான், அந்தம்மாள் கேட்டபோது மறுத்துச் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்றேன். மன்னிப்புக் கேட்டேன்.

அவர் நிமிரவில்லை.

"மொத நாளு சாயங்காலமே எங்கிட்டக் கேட்டுப்போட்டாங்க. உங்க சம்சாரத்துக்குக் கப்பல் ஒத்துக்குதுங்களான்னு. நானும் இல்லீன்னு சொல்லலீங்க."

அவர் தொடர்ந்தார், சோற்றைப் பார்த்தபடியே.

"போன ஐப்பசியில எம் பொஞ்சாதி தவறிட்டா. அதுல இருந்து எங்க போயி உக்காந்தாலும் பாவம்னு சொல்லித்தான் சோத்தைப் போடறாங்க. இங்க ஒருத்தரும் சொல்லலீங்க. அப்படியே இருந்துட்டுப் போகட்டும்னு உட்டுட்டேன்."

"நானும் அதற்காகத்தான்," என்றேன்.

தலையாட்டினார். அவ்வளவுதான். அதற்குமேல் அந்தப் பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது?

போர்ட் பிளேரில் மகன் ஜீப்போடு வந்திருந்தான். அவரைப் போலவே இருந்தான். நான் வேண்டுமென்றே கூட்டத்தில் பின்தங்கிக்கொண்டேன். யாராவது அந்தப் பையனிடம் ஏதாவது சொல்லிவைத்தால்? அவர் படியில் இறங்கி, மகனிடம் பையைக் கொடுத்துவிட்டு, ஒரு முறை மேலே கப்பலைப் பார்த்தார். எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று தெரியவில்லை. வெயில் கண்ணில் அடித்தது. பிறகு ஜீப்பில் ஏறிவிட்டார்.

ஊரைச் சுற்றிப் பார்த்தேன். ஜெயில், கடற்கரை, பவளப் பாறை எல்லாம் நன்றாகவே இருந்தன. எல்லா இடத்திலும் யாரிடமாவது எதையாவது காட்ட வேண்டும் போல இருந்தது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. அது முன்பும் அப்படித்தான். ஆனால் முன்பெல்லாம் நான் திரும்பிப் பார்த்ததில்லை.

திரும்பி வரும் கப்பலில் சரோஜா குடும்பமும் ஏறியது. இங்கேயும் முதல் நாள் மத்தியானம்தான் மேஜை பிடிக்க வேண்டும். இந்தத் தடவை நான் வாசலில் நிற்கவில்லை. நேராகப் போய் இரண்டு பேர் மேஜை ஒன்றில் உட்கார்ந்தேன். சாதம் வருவதற்கு முன்னால் சரோஜா வந்துவிட்டாள்.

"அவரு வரலியாக்கா?"

மகன் வீட்டில் தங்கிவிட்டார், பின்னால் வருவார்... பதில் தயாராகத்தான் இருந்தது. சொல்லியிருந்தால் மெட்ராஸ் வரை நிம்மதியாக வந்திருக்கலாம். ஆனால் அவர் எதிரில் இல்லாமல், அவரைக் கேட்காமல், அதைச் சொல்ல எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

அவர் என் வீட்டுக்காரர் இல்லை என்றேன்.

சரோஜா எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப லவ் மேரேஜ் இல்லியா?"

"மேரேஜே இல்லை."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். இல்லையென்றால் எழுந்து போய், கப்பல் முழுக்கச் சொல்லுவாள். அவள் இரண்டும் செய்யவில்லை. கொஞ்ச நேரம் மேஜை விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, அவருக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். மனைவி போன ஐப்பசியில் இறந்துவிட்டாள், ஒரு மகன், அவனும் அந்தமானில் என்றேன். சரோஜாவின் கண் கலங்கிவிட்டது. பொய்யில்லை, நிஜமாகவே கலங்கிவிட்டது.

"அய்யோ பாவம்க்கா. ஆம்பளையாளு... ஒண்டியா உக்காந்து எப்படிச் சாப்பிடுவாரு?"

சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் மேஜைக்குப் போனாள். கடைசிப் பையன் சாதத்தை இறைத்துக்கொண்டிருந்தான்.

நான் எப்படிச் சாப்பிடுவேன் என்று அவள் கேட்கவில்லை. நன்றாகத்தான் சாப்பிட்டேன் — அப்பளம் இரண்டாவது தடவை கேட்டு வாங்கி.