பதினெட்டு நடக்குதா, முடிஞ்சுதா?

வீடியோ கேம் கூடம் நடத்துகிறவனுக்கு விளையாடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வயது கேட்கத் தெரிய வேண்டும். கவுண்டரில் உட்கார்ந்து 'முடியாது' சொல்லியே கெட்ட பெயர் வாங்கும் சக ஜீவன்களே, உங்களுக்கு இது புரியும். திருவானைக்காவலில் என் கூடத்துக்கு உரிமம் தரும்போதே நிபந்தனை போட்டார்கள்: உறையில் பதினெட்டு என்று அச்சிட்ட விளையாட்டை, பதினெட்டு நிரம்பாதவர்களுக்குத் தரக் கூடாது. மீறினால் உரிமம் ரத்து.

மூன்று பெரிதா, பதினெட்டு பெரிதா

காட்டூர்க்காரர் ஒருவர், ஏழு வயது மகளைப் பிறந்தநாளுக்கு அழைத்து வந்தார். பதினெட்டு போட்ட உறையைத் தொட்டுக் காட்டி அதையே கேட்டார். மறுத்துவிட்டு, மூன்று என்று போட்ட கார் ரேஸை எடுத்து வைத்தேன். மனிதருக்கு முகம் வாடிவிட்டது. "பிறந்தநாளும் அதுவுமா, பதினெட்டு ஸ்டேஜ் இருக்கறத விட்டுட்டு மூணு ஸ்டேஜ் இருக்கறத குடுக்கறீங்களே!"

நடக்குது

லால்குடியில் தையல் கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர், கல்லூரியில் சேர வந்த மகள் ஸ்டெல்லாவோடு வந்தார். அந்தப் பெண் துப்பாக்கிச் சண்டை விளையாட்டைக் கேட்டாள். வயது கேட்டேன். "பதினெட்டு நடக்குதுங்க" என்றார் அம்மா. நடக்குது என்றால் இன்னும் முடியவில்லை என்று எனக்குத் தெரியாதா? கூட்ட அவசரத்தில் வயதுக் கணக்கு நோட்டில் 18 என்று எழுதி, விளையாட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அரை மணியில், யாரோ கொடுத்த புகாரின் பேரில் ஒரு போலீஸ் அதிகாரி வந்து நின்றார். ஸ்டெல்லாவின் ஆதாரைப் பார்த்தார். பதினெட்டு முடிய மூன்று மாதம் பாக்கி. இந்தக் கூடத்தை மூடினால் எனக்கு வேறு தொழில் தெரியாது.

அந்த அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு நைசாக நழுவியிருக்கலாம். முன்னால் வந்து நின்றார். "சார், நடக்குதுன்னு நான்தான் சொன்னேன். எங்களால அவர் பொழப்புல மண்ணு விழக் கூடாதுங்க." அந்த நன்றிக்கடனை நான் எப்படித் தீர்ப்பேன்! இனி அட்டையைப் பார்த்தே வயது எழுத வேண்டும் என்று எச்சரித்துவிட்டு, அதிகாரி வாசலில் திரும்பிச் சொன்னார்: "எனக்கும் அறுபது நடக்குது. பென்ஷன் கேட்டா குடுப்பாங்களா?"

முடிஞ்சுது

பிறந்தநாளுக்கு மறுநாளே ஸ்டெல்லா வந்து, நான் வாய் திறக்குமுன் ஆதாரை மேஜையில் வைத்தாள். மனம் நிறைந்து அதே விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன். பத்தே நிமிடத்தில் எழுந்து வந்தாள். "இதுக்கா அண்ணா மூணு மாசம் காத்துக் கிடந்தேன்? அந்த மூணு வயசு காரையே போடுங்க!"

லால்குடி அம்மாவின் புண்ணியத்தில் எனக்கும் தொழில் நடக்குது, இன்னும் முடியவில்லை.