சிவந்த கையோடு பெண் பார்க்கப் போன கதை

உலோகத்தை உடைக்காமலே விரிசல் கண்டுபிடிக்கும் பயிற்சி வகுப்பின் படத்தை இன்று ஒரு நண்பர் போட்டிருந்தார். எல்லார் கையிலும் உறை. சிரித்துவிட்டேன்.

எழுபதுகளில், கும்மிடிப்பூண்டியில் எனக்கு அந்தப் பயிற்சியின் தேர்வு நடந்தபோது உறையெல்லாம் கிடையாது. வெல்டிங் மீது சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளைப் பொடி அடித்தால் விரிசல் சிவப்பாகத் தெரியும். விரிசல் சிக்கிவிட்டது. சாயம்தான் கையை விட்டுப் போகவில்லை.

அன்று மாலையே மணவாள நகரில் பெண் பார்க்கப் போனோம்.

பெண்ணின் அப்பா என் கையையே பார்த்தார். "இன்னா தம்பி, ரத்தமா? எங்கனா அடிதடியா?"

"இல்லீங்க, பரீட்சை."

அவர் இன்னும் மிரண்டார். "பரீட்சைன்னா கைல இங்க்குதானே இருக்கும்?"

இந்தச் சம்பந்தம் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

காபி கொண்டுவந்த சரோஜா என் கையைப் பார்த்ததும் விறுவிறுவென்று உள்ளே போனாள். திரும்பி வந்தபோது மண்ணெண்ணெயில் நனைத்த துணி ஒன்றை நீட்டினாள்.

"இத்த வெச்சித் தேய்ங்க. நைனா, நீ சும்மா இரு. மருதாணி வெச்சிக்கினு வந்தவரப் போயி பேஜாரு பண்ணிக்கினு..."

வீடே சிரித்தது. சாயம் பாதிதான் போனது. கல்யாணம் நிச்சயமானது. சான்றிதழும் பிறகு வந்தது.

இதைப் பக்கத்திலிருந்து படித்த சரோஜா இப்போது சொல்கிறாள்: "கையப் பாத்து, வேல செய்ற ஆளுன்னு நம்பிட்டேன். ஊட்டு வேலையும் செய்வீங்கன்னு நெனச்சிக்கினதுதான் தப்பு."

இதற்கு என்ன பதில் சொல்லலாம்? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், சீக்கிரம்.