குதிரையின் இரண்டு காதுகளுக்கு நடுவே

தண்ணீர்த் தொட்டிக்கு நேரே வந்ததும் ஜெயகாந்தன் கடிவாளத்தை மெல்ல இழுக்கிறார். "கொஞ்சம் நில்லு பிள்ளை" என்கிறார். பிறந்ததிலிருந்து டேனிஷ் மட்டுமே கேட்ட பழுப்புக் குதிரை பிரெயா நின்றுவிடுகிறது. அவர் முதுகை நிமிர்த்தி, அதன் இரண்டு காதுகளுக்கு நடுவே பார்வையை நிறுத்தி, தலையையோ கண்ணையோ அசைக்காமல் எதிர் வேலியின் வெள்ளைக் கம்பங்களை எண்ணுகிறார். அவருக்கு அவை கம்பங்கள் அல்ல, ஊர் வேலிக் கதியால்கள். ஒக்டோபரில் பதினாலு தெரிந்தன. ஜனவரியில் ஒன்பது.

பார்வை ஓரங்களிலிருந்து உள்ளே சுருங்கிக்கொண்டு வரும் நோய். மருந்தில்லை. பிரெடெரிசியா நகரில் ஒரு தொழிற்சாலையில் யன்னல் கண்ணாடிகளில் கீறல் தேடுவதுதான் இருபத்தாறு வருடங்களாக அவருடைய வேலையாக இருந்தது. மயிரளவு கீறலும் அவரிடம் தப்பியதில்லை. இப்போது பெட்டி கட்டும் பகுதியில் நிற்கிறார். சாரதி அனுமதிப்பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஐம்பத்திரண்டு வயதில் மனைவி மனோரஞ்சிதம் கார் ஓட்டப் பழகினார்.

கண் வைத்தியரின் காத்திருப்பு அறையில் ஒரு படம் மாட்டியிருந்தது. செம்பாறைப் பள்ளத்தாக்கு, அதன் அடியில் வரிசையாகச் சில புள்ளிகள். சுவரில் மூக்கு முட்டப் பார்த்தபோதுதான் அவை குதிரைகள் என்று தெரிந்தது.

"எறும்பு மாதிரி இருந்ததுகள். ஒரு சாண் தூரத்துக்கு அங்கால பாக்காத கண் இது. போறதுக்கு முதல் ஒருக்கா பெரிசா ஒண்டைப் பாக்கட்டும்."

அந்த இடத்துக்குத் தெருவில்லை. அமெரிக்கப் பாலைவனத்தில் மூன்று நாள் குதிரையில் போகவேண்டும். வெறும் மண்ணில் படுக்கை, கோவேறு கழுதை சுமந்து வரும் அளவான தண்ணீர். விண்ணப்பத்தில் எடை கேட்டார்கள், வயது கேட்டார்கள், கண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. "கேட்டிருந்தாலும் பொய்தான் எழுதியிருப்பன்" என்கிறார்.

குதிரையேற்றப் பயிற்சியின் முதல் நாள் அவர் சேணத்தில் தொங்கும் அங்கவடியில் வலது காலை வைத்தார். நல்ல காரியத்தை எந்தக் காலில் தொடங்குவது? அப்படியே ஏறியிருந்தால் வாலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். "அந்தப் பக்கம் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை" என்று பயிற்சி தரும் கிர்ஸ்டன் சிரித்தார். இப்போது ஏறும் படியில் வலது காலை முதலில் வைத்து மனத்தைச் சமாதானம் செய்துகொண்டு, அங்கவடியில் இடது காலை நுழைக்கிறார்.

தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் இராசநாயகம் அவரை விடுவதில்லை. "என்ன கவ்போய், இண்டைக்குக் குதிரையிலயோ வந்தனீ?"

"ஓமடா. சைக்கிள் நிப்பாட்டுற இடத்தில கட்டிப்போட்டு வந்திருக்கிறன். நீ புல்லு போடு."

போன கிழமை கடிதம் வந்தது. ஏப்ரல் பயணம் இல்லை. குறைந்தது ஆறு பேர் வேண்டும், நாலு பேர்தான் சேர்ந்தார்களாம். இனிச் செப்டெம்பரில்தான். கீழே அதே பள்ளத்தாக்கின் படம் ஒன்றும் இருந்தது.

"இஞ்சருங்கோ, தெரு இருக்கிற பள்ளத்தாக்கும் இருக்குத்தானே" என்றார் மனோரஞ்சிதம். "ஏப்ரலிலேயே காரில போய்ப் பாப்பம்."

"தெருவில நிண்டு பாத்தால் அது படம். படம் நான் பாத்திட்டன்." 

இந்த ஞாயிறு தூறல். குதிரைக்குப் பயந்து வழக்கமாகக் காருக்குள்ளேயே இருக்கும் மனோரஞ்சிதம் இறங்கி, வேலிக்கு வெளியே போய் நின்றார். தொட்டிக்கு நேர் எதிரேயுள்ள கதியாலிலிருந்து இரண்டாவது. ஜெயகாந்தன் குதிரையை நிறுத்தி எண்ணத் தொடங்கியதும், தன் சிவப்புக் குடையை உயர்த்தி ஆட்டினார். இரண்டு தரம் ஆட்டினார். குதிரை காதைத் திருப்பியது. ஜெயகாந்தன் திரும்பக் கை ஆட்டவில்லை.

சுற்றி வந்தபோதுதான், கிட்ட வைத்து மனைவியைக் கண்டார். "மழைக்க ஏன் நிக்கிறீர்?"

"சும்மாதான். எத்தினை?"

"ஆறு."

ஆறு தெரிந்திருந்தால் குடையும் தெரிந்திருக்கும். மனோரஞ்சிதம் குடையை மடக்கினார். மழை முகத்தில் விழுந்தது.

"ஆறு காணும்" என்றார். "செப்டெம்பருக்கு இன்னும் என்ன, அரை வருசம்தானே."

"ஓம்" என்று குதிரையைத் திருப்பினார். அடுத்த சுற்றில் தொட்டி வந்தது. அவர் நிறுத்தவில்லை. செப்டெம்பருக்குப் பழகுகிறவர்போல் கண்கள் இரண்டையும் இறுக மூடினார். கடிவாளத்தைப் பிரெயாவின் கழுத்தில் தளரப் போட்டுவிட்டு, இரு கைகளாலும் நனைந்த பிடரிமயிரைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.