மாலி அழவில்லை

வீடியோ எடுக்கிறவனை யாரும் "சாப்பிட்டியா" என்று கேட்பதில்லை. "ரெக்கார்டு ஆச்சா" என்றுதான் கேட்பார்கள். கேமரா சுமந்த தோள்களுக்கு இது தெரியும். கல்யாண வீடியோவில் தொடங்கி கம்போடியாவில் ஊழிய வீடியோ வரை போய்வந்தவன் நான். பேட்டரி விளக்கு சிவப்பாக மின்னினாலே என்னைப் போல அடுத்த பேட்டரியைத் தேடி ஓடுகிறவர்களுக்காக இந்த அனுபவங்களை எழுதுகிறேன்.

முகாமில்

சுனாமிக்குப் பிறகு, 2005 தொடக்கத்தில், கடலூரில் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். நிவாரண முகாமைப் படமெடுக்க வந்த ஒரு வெளிநாட்டுக் குழுவுக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டியிருந்தது. ஓரளவு ஆங்கிலம் பேசுகிறவன் என்று எங்கள் கிறிஸ்தவ சபையில் என்னைக் கைகாட்டினார்கள். கணவரைக் கடலுக்குக் கொடுத்த ஓர் அக்கா நடந்ததைச் சொல்லி அழுதார். சத்தம் சரியாகப் பதியவில்லை, நாளைக்கு இன்னொரு முறை சொல்ல வேண்டும் என்றார் கேமராக்காரர். அதை அந்த அக்காவிடம் சொன்னது என் வாய்தான்.

மறுநாள் அவர் வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். நான் நிற்பதைக் கண்டுகொள்ளாமல் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்: "நேத்து அழுதது பத்தலியாம். இன்னைக்கும் அழுவணுமாம்."

தாமரையில் பாஸ்டர்

சிதம்பரத்தில் கல்லூரியில் படிக்கும்போது ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் மிக்ஸிங் கற்றுக்கொண்டேன். எடுத்த படத்தை வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, விரியும் தாமரைக்குள்ளிருந்து மணப்பெண்ணை வரவழைப்பதுதான் மிக்ஸிங். எங்கள் சபை ஆண்டுவிழா வீடியோவையும் என்னிடமே கொடுத்தார்கள். நேரம் இல்லாததால், முந்தின வாரம் காட்டுமன்னார்கோயில் கல்யாணத்துக்குச் செய்த அதே அமைப்பில் படங்களை மட்டும் மாற்றினேன். மணப்பெண் வர வேண்டிய இடத்தில், கையில் வேதாகமத்தோடு தாமரையிலிருந்து எழுந்தார் எங்கள் பாஸ்டர். சுற்றிலும் சிவப்பு இதயங்கள் பறந்தன.

சபையே சிரித்தது. நான் வெளியே போய், செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றேன். பாஸ்டர் தேடிக்கொண்டு வந்தார். "தம்பி, என் கல்யாணத்துக்கே எவனும் இப்படி எடுக்கல. அந்தப் பறக்குற ஹார்ட்ட மட்டும் எடுத்துடு."

அப்பாவின் கேள்வி

அதே பாஸ்டர்தான், வெளிநாட்டுக்கு ஊழியர்களை அனுப்பும் மிஷன் கமிட்டியிடம் என்னைப் பற்றிச் சொன்னார். கம்போடியாவில் கிராமத்துச் சபைகளுக்காக வேதாகமக் கதைகளை அந்த மக்களை வைத்தே, அவர்கள் மொழியிலேயே படமாக்க வேண்டும். முதலில் ஆறு மாதம். திரும்பி வந்து, அந்த ஊழியங்களுக்காகச் சபை ஒதுக்கும் மிஷன் ஞாயிறன்று ஒரு படம் போட்டுக் காட்ட வேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் இரண்டு வருஷத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். எனக்கு அந்த இரண்டு வருஷம் வேண்டியிருந்தது. அதற்காக முழங்காலில் நின்று கேட்டிருக்கிறேன்.

அப்பா செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். மகன் ஏசி ரூமில் உட்காரப் போகிறான் என்று எங்கள் ஊர் குடிகாடு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். விஷயத்தைச் சொன்னபோது அவர் திட்டவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "கல்யாண வூட்டுலயாவது கடைசி பந்தியில சோறு போடுவாங்க. அங்க என்னா போடுவாங்க?"

தாடை

சோறுதான் போட்டார்கள், ஆற்றுமீனோடு. அந்த ஊர் சபையைச் சேர்ந்த சோக் என்ற இளைஞர் எனக்குத் துணை, ஆங்கிலம் தெரிந்தவர். வழியில் அடிபட்டுக் கிடந்தவனை அந்நியன் ஒருவன் சத்திரத்தில் சேர்க்கும் நல்ல சமாரியன் கதையை முதலில் எடுத்தோம். சத்திரக்காரராக நடித்தவர் முகத்தைக் கீழே தொங்கப்போட்டபடியே இருந்தார். நம் ஊர்க் கல்யாணத்தில் என்ன செய்வோம்? மாப்பிள்ளையின் தாடையில் விரல் வைத்து நிமிர்த்தி, தலையை லேசாகத் திருப்பி விடுவோம். அதையே செய்தேன். அவர் எழுந்து போய்விட்டார். கூட நடித்தவர்களும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அங்கே தலை என்பது பிறர் கை படக் கூடாத இடம் என்று சோக் விளக்கிய பிறகுதான் தெரிந்தது. சத்திரக்காரராக நடித்தவரின் வீட்டுக்குப் போய் கை கூப்பி மன்னிப்புக் கேட்டேன். மூன்றாம் நாள் நடிக்க வந்தார். சோக் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "கேமரா அவரை எவ்வளவு வேண்டுமானாலும் பார்க்கட்டும். உன் விரல் பார்க்க வேண்டாம்."

மாலி

மாலி வலை பின்னுகிறவர். ஆற்று வெள்ளத்தில் மகளை இழந்தவர். அதற்குப் பிறகு தன்னைத் தாங்கியது யார் என்று சபையில் அவர் சொன்ன சாட்சியைக் கேட்டதும், மிஷன் ஞாயிறு படம் இவரைப் பற்றித்தான் என்று தீர்மானித்தேன். கேமரா முன் வலையைப் பின்னிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். குரல் உயரவில்லை, கண் கலங்கவில்லை.

அதில் ஒரு துண்டைக் கடலூருக்கு அனுப்பினேன். கமிட்டி செயலாளரிடமிருந்து பதில் வந்தது. நன்றாக இருக்கிறது, ஆனால் ஜனங்கள் உருக வேண்டும். அந்தம்மா அழுகிற மாதிரி மறுபடி எடுக்க முடியுமா? அந்த முகாம் எனக்கு நினைவுக்கு வந்தது. இரண்டு வருஷமும் நினைவுக்கு வந்தது. மாலியிடம் போய்க் கேட்கும்படி சோக்கிடம் சொன்னேன். அவர் என்னையே பார்த்துவிட்டு, பிறகு கேட்டார். மாலி ஊசியைக் கீழே வைத்தார். அவர் சொன்னதை சோக் அப்படியே மொழிபெயர்த்தார்: "போன வாரம் சொன்னபோது நீ கேட்கவில்லையா?"

மிஷன் ஞாயிறு

கேட்டிருந்தேன். அதனால் கேட்டதை மட்டும் வைத்துப் படத்தை முடித்தேன். மாலி வலை பின்னுகிறார், மீன் அரிகிறார், மகளைப் பற்றிச் சொல்கிறார், ஆராதனையில் சுருதி விலகிப் பாடுகிறார். தாமரை இல்லை. கடலூரில் படம் ஓடி முடிந்தபோது ஒருவர் கண்ணிலும் நீர் இல்லை. ஓய்வுபெற்ற வாத்தியாரான செயலாளர் முன்வரிசையில் எழுந்து, ஏன் மறுபடி எடுக்கவில்லை என்று எல்லார் முன்னாலும் கேட்டார். "அவுங்க அழல ஐயா. அழச் சொல்லிக் கேட்டதுதான் நான் செஞ்ச தப்பு. இதுக்காக என்னை அனுப்பலன்னாலும் சரி" என்றேன்.

பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் அந்த மகளுக்கு என்ன வயது என்று கேட்டார். இன்னொருவர் மாலி தனியாகவா இருக்கிறார் என்றார். என்ன மீன் அது, நம்ம கெளுத்தி மாதிரி இருக்கே என்றார் ஒருவர். கேள்விகள் மதியம் வரை நீண்டன. அதன்பின் கமிட்டி கூடி முடிவெடுத்த அறையிலிருந்து கடைசியாக வெளியே வந்த செயலாளர் என் எதிரில் நின்றார். "எத்தனையோ மிஷன் படம் பாத்துட்டேன்யா. அதுல அழுதவுங்க ஒருத்தர் பேரும் ஞாபகம் இல்ல. மாலி பேரு இருக்கு. போயிட்டு வா. நல்ல மைக்கா எடுத்துக்கிட்டுப் போ."

கல்யாணமோ ஊழியமோ, எதிரில் இருப்பவரின் தலையைத் தொடாமலும் கண்ணீரைக் கேட்காமலும் வேலையை முடித்துவிட்டால், மிச்சமுள்ள கவலை பேட்டரியைப் பற்றியது மட்டும்தான்.