பெட்ரோல் பம்பின் உள்பக்கத்து போல்ட்

என் விரல்கள் பீடி சுற்றிப் பழகியவை. இலையைச் சுருட்டி, முனையைப் பார்க்காமலே மடித்துவிடும். கையெழுத்துப் போட மட்டும்தான் அவை முரண்டு பிடித்தன. வேறு எந்த வேலைக்கும் சளைத்ததில்லை.

அப்போது சங்கரன்கோவிலில் எங்கள் வாசலில் ஒரு அம்பாசிடர் நின்றது. என் வீட்டுக்காரர் அதை வாடகைக்கு ஓட்டினார். ரிப்பேரெல்லாம் வாசலில் வைத்து அவரே பார்ப்பார். அன்று எஞ்சினுக்குப் பெட்ரோல் இழுத்துக் கொடுக்கும் பம்புக்குள் இருக்கும் ரப்பர் தகடு கிழிந்துவிட்டது. புதிது போட்டாயிற்று, பம்பைத் திரும்ப மாட்ட வேண்டும். அதற்கு இரண்டு போல்ட். வெளிப்பக்கத்தது ஏறிவிட்டது. உள்பக்கத்தது எஞ்சினை ஒட்டி மறைவில் இருந்தது. கண்ணுக்கும் தெரியாது, அவருடைய தடித்த கையும் நுழையாது. வைப்பார், விழும். குனிந்து தேடி எடுப்பார், வைப்பார், மறுபடி விழும்.

பக்கத்தில் கடையநல்லூர்க்காரர் ஒருவர் நின்ற இடத்தில் நிற்காமல் நடந்துகொண்டிருந்தார். மறுநாள் காலை அவர் மகன் திருவனந்தபுரத்தில் துபாய் பிளேன் ஏற வேண்டும். மத்தியானமே வரவேண்டிய கார் வரவில்லை என்று பஸ் பிடித்துத் தேடி வந்திருந்தார்.

"அண்ணாச்சி, இந்தப் பிளேன விட்டா விசா செல்லாது. அல்லாவுக்காகச் சுருக்கா பாருங்க."

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பீடித் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனேன்.

"எங்க ஏத்தணும்னு மட்டும் சொல்லுங்க, நான் ஏத்துதேன்."

"ஏளா, இது என்ன பீடியா?"

"உங்க கைக்குப் பீடியும் வராது, போல்ட்டும் வராது. தள்ளுங்க."

கையை விட்டேன். மணிக்கட்டு வரை போனது. கண்ணாடி வளையல் தட்டி நின்றது. முழங்கைப் பக்கம் ஏற்றினேன், சரிந்து இறங்கியது. கழற்றப் போனேன். என் மாமியார் உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

"ஏட்டி! புருஷன் வண்டி எடுக்கப் போற நேரத்துல மூளிக் கையா நிக்கப் போறியா?"

"ஆச்சி, எம் மவன் பொழப்பு..." என்றார் கடையநல்லூர்க்காரர்.

"உம்ம மவன் ஆகாசத்துல போவான். எம் மவன்லா ரோட்டுல போறான்!"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். மஞ்சள் தடவிய நூலோடு திரும்பி வந்து, என் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினார்.

"இப்பக் கழத்து."

சோப்புப் போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றி வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுபடி கையை விட்டேன். துளை விரலுக்குத் தட்டுப்பட்டது. போல்ட்டை நுனியில் வைத்து, இலையைச் சுருட்டுவது போல் பெருவிரலால் உருட்டினேன். மரை பிடித்துக்கொண்டது. பிறகு சின்ன ஸ்பேனரைக் கொடுத்தார். அரைத் திருப்பு, கால் திருப்பு என்று இறுக்கினேன்.

"இறுகிட்டா?"

"இறுகிட்டு."

வேறு யாரும் கை விட்டுப் பார்க்க முடியாது. என் சொல்லை நம்பித்தான் வண்டி கிளம்பியது.

தெரு முனை திரும்பிய பிறகுதான் வளையல் நினைவு வந்தது. அவர் சட்டைப் பையிலேயே போய்விட்டது.

அதற்குப் பிறகு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. இன்னும் ஒரு திருப்புத் திருப்பியிருக்கலாமோ? ஆரியங்காவு மலைப்பாதையில் போல்ட் தளர்ந்து வண்டி நின்றால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? மறுநாள் பீடி சுற்றினால் இலை கிழிந்தது. விரல் மட்டும் தானாக உருட்டிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "கை ஏன் வெறிச்சுன்னு இருக்கு?" என்றாள். கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"கரி போகக் கழுவக் கழத்தி வச்சிருக்கா. உன் அடுப்பப் போயிப் பாரு," என்றார் மாமியார்.

சாயங்காலம் ஹாரன் கேட்டது. வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே இறங்கினார்.

"பையன் பிளேன் ஏறிட்டான். இந்தா, கைய நீட்டு." சட்டைப் பையிலிருந்து வளையலை எடுத்தார்.

"அது எங்கயும் போவாது. மொதல்ல பானெட்டத் தொறங்க."

"கொதிக்குதுளா!"

ஆறும் வரை வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பிறகு கையை விட்டேன். போல்ட் வைத்த இடத்தில் இருந்தது. அழுத்தித் திருப்பிப் பார்த்தேன், அசையவில்லை.

கையை வெளியே எடுத்தேன். முழங்கை வரை எண்ணெய்க் கரி.

"சீ, கழுவிட்டு வளையலப் போடு," என்றார் மாமியார்.

"கழுவுனா ஏறாது அத்த."

நீட்டிய கையில் வீட்டுக்காரர் போட்டுவிட, வளையல்கள் வழுக்கிக்கொண்டு ஏறின.